கணக்கர் குமரப்பா: வாங்கியது யாரிடம்? கொடுத்தது யாருக்கு?

பட்ஜெட் என்றால் அது டில்லிக்காரர் சமாசாரம், மில் முதலாளிகளும் பங்குச் சந்தைக்காரரும் கவலைப்பட வேண்டிய விஷயம், நமக்கு அதில் என்ன இருக்கிறது என்று எண்ணும் தோழர்கள் இன்னும் நம்மிடையே உண்டு. நிதி மந்திரி நாடாளுமன்றத்தில் எழுந்து படிக்கிறார். மறுநாள் பத்திரிகையில் எண்கள் வரிசை வரிசையாக வருகின்றன. நாம் பக்கத்தைப் புரட்டிவிடுகிறோம். அப்படிப் புரட்டிவிட்ட பக்கத்தில்தான் நம் வீட்டு அடுப்பும் விளக்கும், பிள்ளையின் பள்ளிக்கூடமும், வேலையில்லாத மாதத்தின் கூலியும் இருக்கின்றன.

இதை மக்களுக்கு எடுத்துச் சொல்வதற்கென்றே தன் படிப்பையும் தொழிலையும் வாழ்நாளையும் செலவிட்ட தமிழர் ஒருவர் உண்டு. அவர்தான் ஜே. சி. குமரப்பா. காந்தியாரின் சீடர், கைத்தொழில்காரர், கதர் கட்டியவர் என்று ஒரு வரியில் சொல்லி அவரை ஒதுக்கிவிடுவது வழக்கமாகிவிட்டது. அவர் முதலில் ஒரு கணக்கர் என்பதை நாம் மறந்துவிட்டோம். சர்க்காரின் கணக்கைப் பார்த்து, இது யாரிடம் வாங்கிய பணம், யாருக்குப் போகிற பணம் என்று கேட்டவர் அவர். ஜவ்வாது மலையில் வேலை செய்யும் நம் தோழர்களுக்கு அந்தக் கேள்வி இன்று மிகவும் தேவைப்படுகிறது. ஆகவே அவர் வாழ்வை இங்கே சொல்கிறோம்.

கணக்கராகப் பிறந்த கதை

1892 ஜனவரி 4-ஆம் நாள் தஞ்சாவூரில் ஒரு கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்தார் குமரப்பா. அப்போது அவர் பெயர் ஜோசப் செல்லத்துரை கொர்னேலியஸ். தந்தையார் சர்க்காரின் பொதுப்பணித் துறையில் உத்தியோகம் பார்த்தவர். வசதிக்குக் குறைவில்லை. மகன் லண்டனுக்குப் போனார், கணக்குத் தணிக்கை படித்துத் தேறினார், அங்கேயே கொஞ்ச காலம் வேலையும் பார்த்தார். தாயார் அழைக்கவே நாடு திரும்பி, பம்பாயில் தணிக்கைத் தொழில் நடத்தினார். கோட்டும் சூட்டும் அணிந்து, பெரிய கம்பெனிகளின் பேரேட்டைப் புரட்டிப் பார்ப்பதே அன்றைய அவரது பிழைப்பு.

1927-ல் அமெரிக்காவுக்குப் போனார். சைராக்யூஸ் பல்கலைக்கழகத்தில் வணிக நிர்வாகம் படித்துவிட்டு, நியூயார்க்கில் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் பொதுநிதி படிக்கச் சேர்ந்தார். பொதுநிதி என்றால் என்ன? சர்க்கார் எப்படிப் பணம் திரட்டுகிறது, எப்படிச் செலவிடுகிறது என்பதைப் பற்றிய சாஸ்திரம். அங்கே அவருக்கு ஆசிரியர் செலிக்மன். வருமான வரியைப் பற்றியும், வரிச்சுமை கடைசியில் யார் தலையில் போய் இறங்குகிறது என்பதைப் பற்றியும் பெரிய நூல்கள் எழுதியவர்.

அந்த நாளில் நியூயார்க்கில் இந்தியாவின் வறுமைக்குக் காரணம் என்ன என்பது பற்றிக் குமரப்பா ஒரு சொற்பொழிவு செய்தார். அது பத்திரிகையில் வந்தது. செலிக்மன் அதைப் பார்த்தார். இதையே ஆராய்ச்சிப் பொருளாக எடுத்துக்கொள் என்றார். குமரப்பா உட்கார்ந்து இந்திய சர்க்காரின் வரவு செலவைப் பிரித்துப் பார்க்கத் தொடங்கினார்.

பார்த்தவர் அதிர்ந்து போனார். கம்பெனிக் கணக்கில் ஒரு காசு தவறினாலும் கண்டுபிடித்துப் பழகியவர் அல்லவா? இங்கே ஒரு தேசத்தின் கணக்கே தலைகீழாக இருந்தது. வரவுப் பக்கத்தில் நிலத்தீர்வையும் உப்பு வரியும், அதாவது குடியானவனும் கூலிக்காரனும். செலவுப் பக்கத்தில் பட்டாளம், கடன் வட்டி, பெரிய உத்தியோகஸ்தர் சம்பளம். வரி கொடுத்தவனுடைய ஊரில் பள்ளிக்கூடத்துக்கும் வைத்தியத்துக்கும் பாசனத்துக்கும் மிச்சம் கிடைத்தது சொற்பம். சோம்பேறித்தனத்தாலோ தலையெழுத்தாலோ இந்தியன் ஏழையாகவில்லை, அவனை ஏழையாக வைத்திருக்கும்படியாகவே கணக்கு எழுதப்பட்டிருக்கிறது என்று அவர் முடிவு கண்டார்.

ஒரு ரூபாய்க்கு எத்தனை எடை?

1929-ல் தாயகம் திரும்பினார். எழுதியதைக் காந்தியாரிடம் காட்ட வேண்டும் என்று சபர்மதிக்குப் போனார். மேல்நாட்டு உடையில் போனவர் சாணம் மெழுகிய தரையில் ஒரு கிழவர் நூல் நூற்றுக்கொண்டிருப்பதைப் பார்த்து நின்றார். அவர்தான் காந்தி என்று பிறகே தெரிந்தது. அன்று தொடங்கிய உறவு அவரை முழுமையாக மாற்றியது. கோட்டும் சூட்டும் போயின. கொர்னேலியஸ் என்ற பெயர் போய், முன்னோர் பெயரான குமரப்பா வந்தது. பொதுநிதியையும் நம் வறுமையையும் பற்றி அவர் எழுதியது காந்தியாரின் பத்திரிகையில் தொடராக வந்து, 1930-ல் புத்தகமும் ஆயிற்று.

அவர் சொன்னதில் ஒரு கருத்தை நம் தோழர்கள் மனத்தில் பதித்துக்கொள்ள வேண்டும். ரூபாய் என்பது எல்லார் கையிலும் ஒரே ரூபாய் அல்ல. கூலிக்காரன் கையில் இருக்கும்போது ஒரு ரூபாய் என்பது குடும்பத்துக்குப் பல வேளைச் சோறு. செல்வர் கையில் அதே ரூபாய் ஒரு சுருட்டு. ஆகவே ஏழையிடம் ஒரு ரூபாயை வரியாக வாங்கிப் பணக்காரனுக்குச் சம்பளமாகவோ சலுகையாகவோ கொடுத்தால், கணக்குப் புத்தகத்தில் ரூபாய் குறையாது, நாட்டின் செல்வம் குறையும். சோறாக இருந்தது சுருட்டாகிவிடுகிறது. மாறாக, மிகுந்தவனிடம் வாங்கி இல்லாதவனுக்கு வேலையாகவும் கல்வியாகவும் கொடுத்தால், அதே ரூபாய்க்கு எடை கூடுகிறது. சர்க்காரின் நிதி நல்லதா கெட்டதா என்பதை இந்தத் தராசில் வைத்துப் பார் என்றார் அவர்.

அது வெறும் தத்துவம் அன்று. 1930-ல் காந்தியார் வைசிராய்க்கு எழுதிய கடிதத்தில் காட்டிய கணக்கைப் பாருங்கள். வைசிராய்க்கு மாதச் சம்பளம் 21,000 ரூபாய். சராசரி இந்தியனுக்கு நாள் வருமானம் இரண்டணாவுக்கும் குறைவு. அந்தச் சம்பளத்துக்கு அந்த இரண்டணாக்காரனும் தன் உப்பில் பங்கு செலுத்தினான். 1923-ல் சட்டசபை மறுத்தும் கேளாமல் வைசிராய் தன் அதிகாரத்தால் உப்பு வரியை இரட்டிப்பாக்கினார். உப்புச் சத்தியாக்கிரகத்தின் பின்னால் இப்படிப்பட்ட ஒரு பட்ஜெட் கணக்கு இருந்தது. அந்த வரி ஒழிந்தது 1947-ல்தான்.

ஊர் ஊராய் நடந்த பொருளாதாரம்

குஜராத் வித்யாபீடத்தில் ஆசிரியரான குமரப்பா, மாணவர்களை அழைத்துக்கொண்டு கேடா ஜில்லாவின் மாதர் தாலுகாவில் 50-க்கும் மேற்பட்ட ஊர்களில் வீடு வீடாகக் கணக்கெடுத்தார். வரவு என்ன, செலவு என்ன, கடன் என்ன, தீர்வை என்ன என்று கேட்டு எழுதினார். புத்தகத்தைப் பார்த்து ஊரைப் பற்றிப் பேசுவது எளிது. ஊரைப் பார்த்துப் புத்தகம் எழுதுவது கடினம். அவர் கடினமானதைச் செய்தார். 1931-ல் கராச்சியில் கூடிய காங்கிரஸ், இங்கிலாந்துக்கும் இந்தியாவுக்கும் இடையிலான கடன் கணக்கை ஆராய ஒரு குழுவை நியமித்தபோது, அதில் உழைத்தவர்களில் அவரும் ஒருவர். ஆளவந்தவர்களின் போர்களுக்கான செலவை ஏன் ஆளப்பட்டவர்கள் தலையில் எழுதினாய் என்பது அந்தக் குழுவின் கேள்வி. பத்திரிகையில் எழுதியதற்காகச் சிறை சென்றார். 1942-க்குப் பிறகும் நீண்ட சிறைவாசம். நிலைத்து நிற்கும் பொருளாதாரம் பற்றிய அவரது பெயர்பெற்ற நூல் சிறையில் எழுதப்பட்டது.

பொதுப் பணத்தில் அவர் எவ்வளவு கறார் என்பதற்கு ஒரு சம்பவம் உண்டு. 1934-ல் பீகாரில் பூகம்பம். நிவாரண நிதியின் கணக்கு குமரப்பா கையில். ஊழியர் ஒருவருக்கு நாள் ஒன்றுக்குச் சாப்பாட்டுக்கு மூன்றணா என்று திட்டம் செய்திருந்தார். காந்தியாரும் கூட்டத்தாரும் அங்கே வந்தார்கள். அவர்களது செலவு அந்த அளவைத் தாண்டும் என்று கண்டதும், அதை நிவாரண நிதியில் எழுத முடியாது, வேறு வழி பார்த்துக்கொள்ளுங்கள் என்று காந்தியாரின் செயலாளரிடமே சொல்லிவிட்டார். இடிந்த வீட்டுக்காரனுக்கென்று வசூலித்த காசு தலைவர் சாப்பாட்டுக்கு ஆகாது என்றவரைக் காந்தியார் கோபிக்கவில்லை. அதே 1934-ல் அகில இந்திய கிராமக் கைத்தொழில் சங்கம் ஏற்பட்டபோது அதன் பொறுப்பையே அவரிடம் கொடுத்தார்.

சுதந்திரம் வந்தது. குமரப்பா கேள்வியை நிறுத்தவில்லை. காங்கிரஸ் நிலச் சீர்திருத்தக் குழுவுக்குத் தலைமை தாங்கி, இடைத்தரகர் ஒழிய வேண்டும், உழுபவனுக்கு நிலம் வேண்டும், நிலத்துக்கு உச்சவரம்பு வேண்டும் என்று 1949-ல் அறிக்கை கொடுத்தார். வெள்ளைக்காரன் போன பிறகும் சர்க்கார் மாளிகைகளில் ஆடம்பரம் போகவில்லை என்று சுட்டிக்காட்டினார். சீனாவையும் சோவியத் யூனியனையும் சென்று பார்த்து, அங்கே நல்லதாகக் கண்டதை நல்லது என்று சொன்னார். பழைய நண்பர்கள் பலர் முகம் சுளித்தார்கள். அவர் பொருட்படுத்தவில்லை. கடைசி ஆண்டுகளை மதுரை ஜில்லா தே. கல்லுப்பட்டி காந்தி நிகேதனில், மணமாகாத தனியராய், எளிய குடிலில் கழித்தார். 1960 ஜனவரி 30 அன்று சென்னையில் காலமானார். காந்தியார் மறைந்ததும் அதே தேதியில்தான்.

மலை மேல் அந்தத் தராசு

தோழர்களே, அவர் விட்டுச் சென்ற தராசை எடுத்துக்கொண்டு ஜவ்வாது மலை ஏறுவோம். திருவண்ணாமலை, திருப்பத்தூர், வேலூர் மாவட்டங்களில் பரந்து கிடக்கும் மலை அது. மலையாளிப் பழங்குடி மக்கள் சாமையும் கேழ்வரகும் விதைக்கிறார்கள். புளியும் தேனும் கடுக்காயும் சேர்த்துக் கீழே கொண்டுவருகிறார்கள். வருமான வரி கட்டுகிறவர் அவர்களில் எத்தனை பேர் என்று சிலர் ஏளனமாகக் கேட்கலாம். ஏழை வரி கட்டுவதில்லை என்பது நாட்டில் உலவும் பெரிய பொய்களில் ஒன்று.

கணக்குக்காக ஒரு சோப்புக் கட்டியை எடுத்துக்கொள்வோம். வரி சேராத விலை 25 ரூபாய் என்று வையுங்கள். 2017 ஜூலை 1-ல் வந்த சரக்கு சேவை வரியில் சோப்புக்கு 18 சதவீதம், அதாவது 4 ரூபாய் 50 காசு. ஜமுனாமரத்தூர்க் கடையில் வாங்கும் கூலிக்காரப் பெண்ணும் அதே 4.50 கொடுத்தாள், சென்னையில் மாளிகைக்காரரும் அதே 4.50 கொடுத்தார். நாளைக்கு 300 ரூபாய் சம்பாதிப்பவளுக்கு அது கூலியில் ஒன்றரை சதவீதம். நாளைக்கு 30,000 சம்பாதிப்பவருக்கு அது தூசு. மறைமுக வரியின் சூட்சுமம் இதுதான். அது விலைக்குள் ஒளிந்துகொள்வதால், கொடுக்கிறவருக்குத் தான் கொடுத்ததே தெரிவதில்லை. 2025 செப்டம்பர் 22 முதல் சோப்புக்கும் தலை எண்ணெய்க்கும் பிஸ்கோத்துக்கும் வரியை 5 சதவீதமாகக் குறைத்தார்கள். குறைத்தது நல்லது என்று சொல்வோம். எட்டு ஆண்டுகள் வாங்கிய பிறகு குறைத்தார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்வோம்.

இனி மறுபக்கம். 2019 செப்டம்பரில் கம்பெனிகளின் வருமான வரியை, சலுகைகளை விட்டுக்கொடுப்போருக்கு 30 சதவீதத்திலிருந்து 22 சதவீதமாக மத்திய சர்க்கார் இறக்கியது. புதிய உற்பத்திக் கம்பெனிகளுக்கு 15 சதவீதம். இதனால் ஆண்டுக்கு 1.45 லட்சம் கோடி ரூபாய் வரவு குறையும் என்று சர்க்காரே சொன்னது. 1953-ல் வந்த மரணச் சொத்து வரி 1985-ல் போயிற்று. 1957-ல் வந்த செல்வ வரி 2015 பட்ஜெட்டில் போயிற்று. கம்பெனிகள் பெருகினால் வேலை பெருகும் என்று அவர்கள் சொல்லும் காரணத்தையும் கேட்டுக்கொள்வோம். கேட்டுவிட்டு, அந்த வேலையில் எத்தனை ஜவ்வாது மலைக்கு வந்தது என்று எண்ணிப் பார்ப்போம். சோப்புக்கு இரக்கம் வர எட்டு ஆண்டு ஆனது, கம்பெனிக்கு இரண்டே ஆண்டில் வந்தது.

டீசலைப் பாருங்கள். புளி மூட்டை போளூருக்கு இறங்குவதும் அரிசி மூட்டை மலைக்கு ஏறுவதும் டீசலில்தான். மத்திய வரியில் மாநிலங்களுக்கு ஒரு பங்கு உண்டு. 2021-26 காலத்துக்கு நிதிக் கமிஷன் சொன்னது 41 சதவீதம். ஆனால் செஸ் என்றும் சர்சார்ஜ் என்றும் பெயரிட்டு வாங்கினால் பங்கு கொடுக்க வேண்டியதில்லை. 2021 பட்ஜெட்டில் டீசலின் அடிப்படை வரியை லிட்டருக்கு 1 ரூபாய் 80 காசாகச் சுருக்கி, மற்றதில் பெரும்பகுதியை செஸ் கணக்கில் வைத்தார்கள். மலையில் வாங்கிய காசு மலைக்குப் பள்ளிக்கூடமாகத் திரும்பி வருவதற்கு மாநில சர்க்கார்தான் வழி என்றால், அந்த வழியின் வாய் இப்படிக் குறுகுகிறது.

சாமையைப் பாருங்கள். 2023-ஐச் சர்வதேசச் சிறுதானிய ஆண்டு என்று கொண்டாடினார்கள். பட்ஜெட் உரையில் சிறுதானியத்துக்குப் புகழ்மாலை சூட்டினார்கள். ஆனால் மத்திய சர்க்கார் குறைந்தபட்ச ஆதரவு விலை அறிவிக்கும் 2025-26 பட்டியலில் கேழ்வரகு உண்டு, சாமை இல்லை. சாமை விளைவிக்கிறவன் வியாபாரி சொன்ன விலைக்குக் கொடுக்கிறான். அதே சாமையைப் பாக்கெட்டில் போட்டு முத்திரை குத்தினால் 2022 ஜூலை 18 முதல் 5 சதவீத வரி. பாராட்டு விதைத்தவனுக்கு, வரவு வேறொருவனுக்கு.

கூலியில்லாத மாதம்

எல்லாவற்றிலும் முக்கியமானது வேலை. 2005-ல் நாடாளுமன்றம் கிராமப்புற வேலை உறுதிச் சட்டம் செய்தது. குடும்பத்துக்கு ஆண்டில் 100 நாள் வேலை, கேட்டால் கொடுத்தாக வேண்டும், உடலுழைப்புக் கூலி முழுவதும் மத்திய சர்க்கார் பொறுப்பு. குமரப்பாவின் தராசில் இது எடை கூடும் ரூபாய். மிகுந்தவரிடம் வாங்கி உழைப்பவளுக்குக் கூலியாகக் கொடுப்பது. 2025-26-ல் தமிழ்நாட்டுக்கு நிர்ணயித்த கூலி நாளைக்கு 336 ரூபாய். ஆனால் 2024 இறுதியில் அந்தக் கூலியே நிலுவையாக நின்றது. 1,056 கோடி ரூபாயை விடுவிக்கும்படி 2025 ஜனவரியில் தமிழக முதலமைச்சர் பிரதமருக்குக் கடிதம் எழுத வேண்டியிருந்தது. செய்த வேலைக்குக் கூலி வரவில்லை என்றால் கடைக்காரன் எத்தனை நாள் பொறுப்பான்?

2025 டிசம்பரில் அந்தச் சட்டத்துக்குப் பதிலாக நாடாளுமன்றம் வேறு சட்டம் செய்தது. நாள் 125 ஆகிறது என்பது தலைப்புச் செய்தி. அடியில் இருப்பதையும் படிக்க வேண்டும். செலவில் 40 சதவீதம் மாநிலத்தின் தலையில். இவ்வளவுதான் என்று டில்லி ஒதுக்குவதற்கு மேல் செலவானால் அதுவும் மாநிலத்தின் தலையில். நாளைக் கூட்டி, கொடுக்கும் கையைச் சுருக்கினால் வேலை கூடுமா, குறையுமா? கணக்கர் குமரப்பா இதைத்தான் முதலில் கேட்டிருப்பார்.

இது ஏன் உயிர் போகிற பிரச்சினை? ஊரில் கூலி இல்லாத மாதத்தில் தரகன் மலைக்கு வருகிறான். கேரளத்துக்கும் கர்நாடகத்துக்கும் தோட்டவேலைக்கு ஆள் பிடிக்கிறான். சில தரகர்கள் முன்பணம் காட்டி ஆந்திரத்துச் செம்மரக் காட்டுக்கு அழைத்துப் போகிறார்கள். 2015 ஏப்ரல் 7 அன்று சேஷாசலம் காட்டில் ஆந்திரப் போலீசார் 20 பேரைச் சுட்டுக் கொன்றார்கள். எல்லாரும் தமிழ்நாட்டுக் கூலிகள். அவர்களில் ஜவ்வாது மலைக்காரரும் இருந்தார்கள், சித்தேரி மலைக்காரரும் இருந்தார்கள். மரத்தை விற்று மாளிகை கட்டியவன் அந்தக் காட்டில் இல்லை. ஊரிலேயே நேரத்தில் கிடைக்கும் கூலி, தரகனின் முன்பணத்துக்கு எதிரான கேடயம் என்று நாம் சொல்வது இதனால்தான்.

மத்திய சர்க்கார் மலைக்கு ஒன்றுமே செய்யவில்லை என்று நாம் சொல்லவில்லை. காவலூரில் 2.34 மீட்டர் தொலைநோக்கி நிற்கிறது. 1986-ல் திறந்துவைத்து, வைணு பாப்பு பெயரைச் சூட்டினார்கள். அது நாட்டுக்குப் பெருமை. விஞ்ஞானத்துக்குச் செலவிடுவதை நாம் குறை கூற மாட்டோம். விண்ணின் கோடியில் இருக்கும் நட்சத்திரத்தை அந்த மலையிலிருந்து பார்க்க வழி கண்ட சர்க்கார், அடுத்த குன்றில் இருக்கும் குடிசையையும் பார்க்க வேண்டும் என்பதே நம் கோரிக்கை.

குமரப்பா பொருளாதாரத்தை விளக்கத் தேனீயைக் காட்டுவார். தேனீ பூவிடம் எடுக்கிறது, எடுக்கும்போதே அது காய்க்கவும் வழி செய்துவிட்டுப் போகிறது. எடுத்துக்கொண்டு எதையும் திருப்பித் தராதது ஒட்டுண்ணி. தேன் எடுத்துப் பிழைக்கும் ஜவ்வாது மலைக்காரருக்கு இதைவிடத் தெளிவாக வரியை விளக்க முடியாது.

ஆகவே தோழர்கள் செய்ய வேண்டியது ஒன்று. அடுத்த பட்ஜெட் வரும்போது பத்திரிகைப் பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். ஊர் மந்தையில் ஒரு கரும்பலகையை நிறுத்துங்கள். நடுவில் ஒரு கோடு. இடப்பக்கம் நம்மிடம் வாங்கியது: சோப்பு, எண்ணெய், டீசல். வலப்பக்கம் நமக்கு வந்தது: அரிசி, கூலி நாள், பள்ளிக்கூடம், ரோடு. அவரவர் வீட்டுக் கணக்கை அவரவரே சொல்லட்டும். கடையில் சோப்பு விலை குறைந்ததா, செய்த வேலைக்கு எத்தனை நாளில் கூலி வந்தது என்று கேட்டு எழுதுங்கள். எழுதியதைக் கிராம சபையில் படியுங்கள். மனுவாக்கித் தாசில்தாரிடமும் சட்டமன்ற உறுப்பினரிடமும் நாடாளுமன்ற உறுப்பினரிடமும் கொடுத்து, பதில் வரும்வரை விடாதீர்கள். மாதர் தாலுகாவில் குமரப்பா செய்தது இதுதான். கணக்குத் தெரிந்த ஏழையை ஏமாற்றுவது எந்த சர்க்காருக்கும் கடினம்.